எரிப்பதற்கென்றே அச்சான தெய்வங்கள்

வட சீனத்தில் சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் இருபத்து மூன்றாம் நாள் இரவு, அடுப்படிச் சுவரில் ஓராண்டாக ஒட்டியிருந்த ஒரு தாளை உரித்தெடுப்பார்கள். அதில் அடுப்புத் தெய்வமான சாவ் வாங் மனைவியோடு அமர்ந்திருப்பார். பன்னிரண்டு மாதச் சமையல் புகையில் தாள் பழுப்பேறிப் போயிருக்கும். உரிப்பதற்கு முன் அவர் வாயில் பிசுபிசுப்பான பாகு மிட்டாயைத் தடவுவார்கள். அன்றிரவு அவர் மேலுலகம் ஏறிச் சென்று, அந்த வீட்டில் ஓராண்டு நடந்த நல்லது கெட்டதையெல்லாம் விண்ணுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் சொல்லியாக வேண்டும். இனித்த வாய் இனிமையாகப் பேசும். இல்லாவிட்டால் உதடு ஒட்டிக்கொண்டு பேச முடியாமலாவது போகும். அவர் ஏறிப்போகும் குதிரைக்கு நறுக்கிய வைக்கோலும் பயறும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைப்பார்கள். பிறகு தாளுக்குத் தீ வைப்பார்கள். தீ அடங்கும்போது தெய்வம் புறப்பட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து, புத்தாண்டுக்கு முந்தைய இரவில், அதே சுவரில் புதுத் தாள் ஒட்டப்படும்.

இந்தத் தாள்களைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனம் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்த தாள் எதுவும் இன்று உலகில் இல்லை. அது சாம்பலாகிவிட்டது. நியூயார்க்கிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் லண்டனிலும் அருங்காட்சியக அலமாரிகளில் தட்டையாக, கசங்காமல், வண்ணம் மங்காமல் கிடப்பவை பெரும்பாலும் எந்த வீட்டுக்குள்ளும் போகாதவை. ஊதுவத்திப் புகையைக் காணாதவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்தச் சேகரிப்புகளைப் பார்த்தால், அழகான பழைய அச்சுப் படங்களைப் பார்த்தோம் என்ற நிறைவோடு வெளியே வந்துவிடுவோம். தவறவிட்டது என்ன என்றே தெரியாது.

இவற்றுக்குச் சீன மொழியில் வழங்கும் பழைய பெயர் ஜிமா. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'காகிதக் குதிரை'. படங்களில் பலவற்றில் குதிரையே இருக்காது. பிறகு ஏன் அந்தப் பெயர்? முற்காலத் தெய்வப் படங்களில் ஏறிச் செல்ல ஒரு குதிரையும் சேர்த்து வரைவது வழக்கம், அதனால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்தத் தாள்தான் குதிரை. தெய்வம் இதன் மேல் ஏறி வருகிறது, இதன் மேல் ஏறித் திரும்புகிறது. அப்படிப் பார்த்தால் தாள், தெய்வத்தின் உருவம் என்பதைவிட அது வந்து போகும் ஊர்தி. ஊர்தியைக் கொளுத்தினால்தான் அது மேலே கிளம்பும்.

கடையில் இதைப் பெறுவதற்கும் தனிச் சொல் உண்டு. 'வாங்குவது' என்று சொல்லமாட்டார்கள். சிங் என்பார்கள், அழைப்பது, வேண்டி வரவழைப்பது என்று பொருள். எரிப்பதற்குச் சொல் சோங்: விருந்தினரை வாசல்வரை சென்று வழியனுப்பி வைப்பது. காசு கொடுத்துத் தாள் பெற்று வந்து தீயிட்டதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் செயல், வீட்டாரின் சொற்களில் ஒரு விருந்தினரை அழைத்து, உபசரித்து, வழியனுப்பியதாக இருக்கிறது.

விருந்தினர் எத்தனை நாள் தங்குகிறார் என்பதை வைத்தே இந்தத் தாள்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். சிலர் ஓராண்டு தங்குவார்கள். வாசல் கதவின் இரு பலகைகளிலும் ஒட்டப்படும் காவல் தெய்வங்கள் அப்படி. தாங் பேரரசர் தாய்சோங்கை இரவில் பேய்கள் தூங்கவிடாமல் தொல்லை செய்தபோது, சின் சியோங், யூச்சி கோங் என்ற இரண்டு தளபதிகள் ஆயுதத்தோடு வாசலில் நின்றார்களாம். பேய்கள் வரவில்லை. தளபதிகளை நாள்தோறும் கண்விழிக்க வைக்க மனமில்லாத பேரரசர் அவர்களின் உருவத்தை வரைந்து கதவில் ஒட்டச் சொன்னார் என்பது கதை. இன்னும் சில தெய்வங்கள் ஒரு பூசைக்கு மட்டும் வருவார்கள். காலையில் அழைத்து வந்து, படையல் வைத்து, அன்றே எரித்து அனுப்பிவிடுவார்கள்.

அடுப்புத் தெய்வத்தின் தாளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உச்சியில் அந்த ஆண்டின் நாட்காட்டி: உழவுக்கும் விதைப்புக்கும் உரிய இருபத்து நான்கு பருவநாட்கள் சிறு எழுத்தில். சமையல்கட்டில் வேறு எழுத்தே இல்லாத வீட்டில்கூட இந்த நாட்காட்டி இருந்தது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அதன் கீழே சாவ் வாங்கும் மனைவியும். பக்கத்தில் நிற்கும் பணியாளர்கள் இருவர் கையில் ஆளுக்கொரு குடம். ஒன்றில் வீட்டாரின் நற்செயல்கள் சேர்கின்றன, மற்றொன்றில் தீச்செயல்கள். அடியில் செல்வம் வற்றாத கலம், அருகில் சேவலும் நாயும். தலைக்கு மேல் நான்கு எழுத்துகள்: 'ஒரு வீட்டின் தலைவர்'. இருபுறமும் ஓர் ஈரடி ஒட்டப்படும்: மேலே போனால் நல்லதைச் சொல்லுங்கள், கீழே வந்தால் அமைதியைத் தாருங்கள்.

இந்தத் தெய்வத்துக்கு மக்கள் சொல்லும் கதை அவர் பெருமையைப் பாடுவதாக இல்லை. சாங் என்ற பணக்காரன் நல்ல மனைவியை விரட்டிவிட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்தான்; சொத்தையெல்லாம் இழந்து பிச்சையெடுத்தான்; ஒருநாள் சோறு கிடைத்த வீட்டில் அடுப்படியில் நின்றவள் தான் விரட்டிய மனைவிதான் என்று தெரிந்ததும் வெட்கம் தாளாமல் எரியும் அடுப்புக்குள் பாய்ந்தான். அவன்தான் சாவ் வாங் ஆனான் என்பார்கள். ஒரு வீட்டின் நல்லது கெட்டதை எழுதி வைக்கும் வேலை, வீட்டைக் கெடுத்துத் திருந்திய ஒருவனிடம் போயிருக்கிறது. கூடவே ஒரு பழமொழியும் வழங்கியது: ஆண்கள் நிலவை வணங்குவதில்லை, பெண்கள் அடுப்பைப் பூசிப்பதில்லை. ஆண்டு முழுவதும் அந்தத் தாளின் முன் நின்று வெந்து, புகையைக் குடித்த பெண்கள், அவரை வழியனுப்பும் இரவில் ஒதுங்கி நின்றார்கள். எல்லா இடங்களிலும் இந்த விலக்கு கடைப்பிடிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அது பழமொழியாகும் அளவுக்குப் பரவியிருந்தது.

வீட்டில் வேறு தெய்வங்களும் இருந்தார்கள். படுக்கைக்கு ஒரு முதியவரும் ஒரு மூதாட்டியும். கிணற்றுக்கு ஒருவர். நிலத்துக்கு, செல்வத்துக்கு, குதிரைக்கு, மாட்டுக்குத் தனித்தனியே. தச்சர்களுக்கு லூ பான். குழந்தையைக் கொண்டுபோக வரும் வானத்து நாயை வில்லால் விரட்டும் சாங் சியான். குழந்தைக்குப் பெரியம்மை கண்டால் அம்மைத் தேவியை வீட்டுக்கு அழைப்பார்கள். அவளை நியாங்நியாங் என்பார்கள். தாயே, அம்மா என்று மதிப்போடு விளிக்கும் சொல் அது. நோயைத் தந்தவளும் எடுத்துக்கொள்பவளும் அவளே என்பதால் யாரும் அவளைக் கடிந்து பேசுவதில்லை. குழந்தை பிழைத்தால் பன்னிரண்டு நாள் கழித்து அவளை வழியனுப்பும் சடங்கு நடக்கும். அன்று எரிந்த தாளில் ஒரு தாயின் பன்னிரண்டு இரவுகள் இருந்தன. அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே அச்சின் இன்னொரு படியில் அவை இல்லை.

பெய்ஜிங்கில் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் முற்றத்தில் நீண்ட மேசை போடுவார்கள். அதில் பாய்ஃபென் என்ற தாள்கட்டு வைக்கப்படும். 'நூறு பங்கு' என்பது சொல்லின் பொருள். விண்ணிலுள்ள தெய்வங்கள் அனைவரையும் ஒரே கட்டில் அழைத்துவிடும் ஏற்பாடு அது. முன்னால் தேன் பலகாரங்களும் பழங்களும் அடுக்கி, விளக்குத் திருநாள் வரை நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றுவார்கள். எந்தத் தெய்வமும் விடுபட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு அந்தக் கட்டின் தடிமனிலேயே தெரிகிறது.

இந்த வழக்கத்தின் வயது எவ்வளவு? அச்சுக்கலை தோன்றியதும் தெய்வங்களும் தாளில் இறங்கிவிட்டார்கள். வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் குகையிலிருந்து கிடைத்தவற்றில் 947ஆம் ஆண்டு ஏழாம் மாதம் என்று சந்திரக் கணக்கில் நாள் குறித்த ஒற்றைத் தாள்கள் உள்ளன. லண்டனிலும் பாரிஸிலும் அவற்றின் படிகளைப் பாதுகாக்கிறார்கள். மேற்பாதியில் கருணைத் தெய்வமான குவான்யின் நிற்கிறாள். கீழ்ப்பாதியில் அந்தப் பகுதியை ஆண்ட ட்சாவ் யுவான்ஜோங்கின் வேண்டுதல். நகரம் நலமாக இருக்கட்டும், கிழக்கும் மேற்கும் செல்லும் வழிகள் திறக்கட்டும், கொள்ளை நோய் கலையட்டும் என்கிறது அது. கடைசியில் செதுக்கியவரின் பெயரும் இருக்கிறது: கைவினைஞர் லெய் யான்மெய். ஆயிரம் ஆண்டுக்கு முன் மரத்தில் உளி பிடித்த ஒரு கையின் பெயர் நமக்குத் தெரிவது பெரும் பேறு. இத்தாள்கள் பிழைத்ததற்குக் காரணம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ அந்தக் குகையின் வாயிலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டதுதான். வெளியே வழக்கில் இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சோங் வம்சக் காலத்தில் இது கடைத்தெரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. தலைநகர் கைஃபெங்கின் வாழ்க்கையை நினைவிலிருந்து எழுதிய மெங் யுவான்லாவ் 1147இல் தந்திருக்கும் குறிப்புகள் அருமையானவை. ஜிமா கடைக்காரர்கள் முன்னோர் கல்லறைகளை வணங்கும் சிங்மிங் நாளில் தெருவோரத்தில் காகிதத்தை மடித்து அடுக்கி மாடமாளிகைபோலச் செய்து வைத்தார்கள் என்கிறார். பன்னிரண்டாம் மாதம் இருபத்து நான்காம் நாள் அடுப்பின் மேல் 'அடுப்புக் குதிரை'யை ஒட்டி, அடுப்பு வாயில் மதுக் கசடைத் தடவினார்களாம். தெய்வத்துக்கு மயக்கமேற்றும் சடங்கு என்றே அதற்குப் பெயர். மது போய்ப் பாகு வந்ததே தவிர, வாயைக் கட்டும் எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. அதே நகரத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் சாங் சேதுவானின் நீண்ட ஓவியச் சுருளில், தெருவோரக் கடை ஒன்றின் பெயர்ப் பலகையில் 'வாங் குடும்ப ஜிமா' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அரண்மனையும் விலகி நிற்கவில்லை. 1072இல் பேரரசர் ஷென்சோங், பேயோட்டும் ஜோங் குய்யின் ஓவியத்தை மரத்தில் செதுக்கி அச்சிட்டு அமைச்சர்களுக்குப் புத்தாண்டையொட்டி வழங்கினார் என்று அக்காலத்து அறிஞர் ஷென் குவோ எழுதி வைத்திருக்கிறார்.

வடக்கே பாலைவனத்தில் புதைந்த காரகோட்டோ நகரிலிருந்து ரஷ்யப் பயணி கொஸ்லோவ் 1909இல் எடுத்து வந்தவற்றில் போர்த் தெய்வமான குவான் யூவின் அச்சுப் படம் ஒன்று உண்டு. இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அச்சிட்ட கடையின் பெயரே இருக்கிறது: பிங்யாங் ஊர் ஷூ குடும்பம். இன்றைய ஷான்ஷி மாகாணத்தில் அச்சான தாள் அவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்கிறது.

செய்முறை எளிது, ஆனால் கை தேர்ந்திருக்க வேண்டும். பேரி மரம் போன்ற இறுகிய, நுண்ணிய இழையுள்ள மரத்தைப் பலகையாக இழைத்து, வரைந்த தாளைக் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். விளக்குக் கரியும் பசையும் சேர்ந்த கறுப்பு மை. மேசையின் ஒரு பக்கத்தில் தாள் அடுக்கை இறுக்கிக் கட்டியிருக்கும், மறுபக்கத்தில் அச்சுக்கட்டை. மை தடவி, ஒரு தாளை இழுத்துக் கட்டைமேல் விரித்து, பனைநார்த் தேய்ப்பானால் ஒரே வீச்சில் தேய்த்து, அப்படியே தொங்கவிடுவார்கள். அடுத்த தாள். வண்ணத்துக்கு ஒரு கட்டை வீதம் தனியாக உண்டு. கைஃபெங் அருகே ஜூஷியன்ஜென்னில் மஞ்சள் நிறத்தை ஒரு மரத்தின் பூமொட்டுகளைக் காய்ச்சி எடுப்பார்கள். விலை குறைந்த தாள்களில் வண்ணக் கட்டைகளுக்குச் செலவழிப்பதில்லை. கறுப்புக் கோட்டோடு விட்டுவிடுவார்கள். அல்லது தூரிகையால் சிவப்பையும் பச்சையையும் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவார்கள். கோட்டுக்கு வெளியே வண்ணம் வழிந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் எரியப் போகும் தாளுக்கு அது போதும் என்று அச்சிட்டவருக்கும் தெரியும், அழைத்துப் போகிறவருக்கும் தெரியும்.

இந்த வழிந்த வண்ணத்தில்தான் சேகரிப்புகளின் சிக்கல் தொடங்குகிறது. சீன மர அச்சுப் படங்களைப் பொதுவாக நியென்ஹுவா, அதாவது புத்தாண்டுப் படம், என்ற பெயரில்தான் உலகம் அறிகிறது. தியான்ஜின் அருகே யாங்லியுச்சிங், சூச்சோவின் தாவ்ஹுவாவு, ஷான்டோங்கின் யாங்ஜியாபு, சிச்சுவானின் மியென்ஜூ என்று புகழ்பெற்ற ஊர்கள் உண்டு. கொழுத்த குழந்தைகள், மீன்கள், நாடகக் காட்சிகள், எலிக் கல்யாணம் என்று சுவரை அலங்கரிக்கும் படங்களும் அங்கே அச்சாயின. எழுத்தாளர் லூ ஷுன் சிறுவனாக இருந்தபோது அவர் படுக்கைக்கு எதிரே ஓர் எலிக் கல்யாணப் படம் ஒட்டியிருந்ததாம். பின்னாளில் அதை ஆசையோடு நினைத்து எழுதியிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் நியென்ஹுவா என்ற சொல் நமக்கு எழுத்தில் கிடைப்பது 1849இல்தான். ஜிமா என்ற சொல் அதற்கு ஏழு நூற்றாண்டு மூத்தது. மூத்த பெயரை இளைய பெயரின் உட்பிரிவாக்கி, வணங்கி எரித்த தாளை அலங்காரப் படத்தின் ஏழை உறவாகக் காட்டிவிட்டோம். அழகான படம் காட்சிக் கூடத்துக்குப் போகிறது. கறுப்புக் கோட்டோடு நிற்கும் கிணற்றுத் தெய்வம் கிடங்கில் தங்கிவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சேகரித்தவர்களில் பலர் இதற்காக வந்தவர்கள் அல்லர். ரஷ்யத் தாவரவியலாளர் கொமரோவ் 1896-97இல் மஞ்சூரியாவில் செடி தேடிச் சுற்றியபோது இப்படங்களையும் சேர்த்துக்கொண்டு போனார். அவர் நாட்டுச் சீனவியல் அறிஞர் அலெக்சேயெவ் 1907இல் பிரெஞ்சு அறிஞர் ஷவானுடன் வட சீனத்தில் பயணம் செய்து அள்ளிச் சேர்த்தார். அவர் செய்த நல்ல காரியம், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் அதன் பொருள் என்ன என்று சீன ஆசிரியர்களிடம் எழுதி வாங்கியது. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஆன்ரி தோரே, ஷாங்காய் வட்டாரத்தில் இருந்துகொண்டு பல தொகுதிகளாக எழுதிய நூலில் இத்தாள்களைப் படமாகச் சேர்த்தார். அவருக்கு இவை 'மூடநம்பிக்கை'யின் சான்றுகள். அமெரிக்க மதபோதகர் கிளாரன்ஸ் பர்ட்டன் டே ஹாங்சோவில் கற்பித்துக்கொண்டே கிராமத்துத் தாள்களைத் திரட்டி, 1940இல் அவற்றின் வழியே உழவர் வழிபாட்டை ஆராய்ந்து நூல் வெளியிட்டார்.

இவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஆன் ஸ்வான் குட்ரிச். 1895இல் பிறந்தவர், 1920இல் மதப்பணிக்காகச் சீனம் போனார். பெய்ஜிங்கில் கிழக்குச் சிகரத்தின் கோயிலை ஆராய்ந்த அவர், 1931இல் ரென்ஹெ என்ற காகிதக் கடையில் வீட்டு வழிபாட்டுத் தாள்களை வாங்கிச் சேர்த்தார். இருநூறுக்கும் மேற்பட்டவை. வேறு பலரும் அழகைத் தேடி ஊர் ஊராக அலைந்து பொறுக்கியபோது, ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரு கடையில் சாதாரண மக்கள் எதை அழைத்துப் போனார்களோ அதை அவர் சேர்த்தார். ஓராண்டு ஒட்டி வைப்பது எது, அன்றே எரிப்பது எது, எந்தத் தேவைக்கு எந்தத் தெய்வம் என்ற கோணத்திலேயே அவற்றைப் பார்த்தார். 1991இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, பெய்ஜிங்கின் காகிதத் தெய்வங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. தாள்களைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டார் கிழக்காசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2005இல், 109ஆம் வயதில் மறைந்தார். நூலகம் அவற்றை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அங்கே குதிரைத் தெய்வமும் படுக்கைத் தெய்வமும் அம்மைத் தேவியும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கும்போது ஒரு கடையின் தட்டைப் புரட்டும் உணர்வு வருகிறது.

அவர் அந்தக் கடைக்குப் போன ஆண்டும் முக்கியம். 1928இல் நான்ஜிங் அரசு எந்தக் கோயில்களை வைத்துக்கொள்வது, எவற்றை ஒழிப்பது என்று பட்டியலிட்டு ஆணை பிறப்பித்திருந்தது. குவான் யூ தப்பினார். நகரத் தெய்வமும் செல்வத் தெய்வமும் ஒழிக்க வேண்டியவர்கள் பக்கம் போனார்கள். வீட்டுக்குள் நடக்கும் வழிபாட்டை ஆணையால் உடனே நிறுத்திவிட முடியவில்லை. ஆனால் காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. 1949 நவம்பரில், மக்கள் குடியரசு பிறந்து இரண்டு மாதம் ஆகும் முன்பே, புதிய புத்தாண்டுப் படங்களை உருவாக்கும்படி பண்பாட்டு அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மக்கள் சுவரில் படம் ஒட்டுவார்கள் என்பதை அது ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தில் தெய்வத்துக்குப் பதில் உழவரும் தொழிலாளரும் வந்தார்கள். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் 'பழையவை' என்ற பெயரில் அச்சுக்கட்டைகளே தீயில் போடப்பட்டன.

தாள் எரிவது வேறு, கட்டை எரிவது வேறு. தாளை எரித்தால் தெய்வம் போய்விட்டு அடுத்த வாரம் திரும்பி வரும். கட்டையை எரித்தால் வரும் வழியே அடைபடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே பலகையிலிருந்து ஆயிரமாயிரம் தாள்கள் பிறந்து எரிந்திருக்கின்றன. தேய்ந்த கோட்டை மறுபடி செதுக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கலையில் நிலைத்து நிற்கும் பொருள் எது என்று கேட்டால் கட்டையைத்தான் காட்டுவேன். அருங்காட்சியகங்கள் தாளுக்குக் கொடுக்கும் கண்ணாடிச் சட்டத்தில் பாதியையாவது கட்டைக்குக் கொடுக்க வேண்டும்.

ஹெபெய் மாகாணத்தில் வூச்சியாங் என்றொரு ஊர் வட்டாரம். படம் அச்சிடுவதில் பேர் பெற்றது. 2003இல் அங்கே ஒரு கிராமத்துப் பழைய வீட்டின் கூரையில் அச்சுக்கட்டைகள் மறைத்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. மர அச்சுக் கலையை நாடு தழுவி ஆவணப்படுத்தும் முயற்சியை முன்னின்று நடத்திய எழுத்தாளர் ஃபெங் ஜிசாய் நேரில் போனார். கூரையைப் பிரித்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கட்டைகள் கிடைத்தன. காற்றும் ஈரமும் பல பலகைகளைத் தின்றிருந்தன. மற்றவற்றில் கோடு இன்னும் கையில் தட்டுப்பட்டது. தன் தலைக்கு மேலேயே அவற்றைப் பரப்பிவைத்து, அதன் கீழே உண்டு உறங்கி வாழ்ந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஃபெங் ஜிசாயின் குழு கடைசியில் 22 தொகுதிகளாக அந்த ஆவணத்தை வெளியிட்டது. அதில் எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. புகழ்பெற்ற ஊர்களோடு, ஹெபெயின் நெய்ச்சியூ பகுதியில் வண்டிக்கும் கிணற்றுக்கும் களஞ்சியத்துக்கும் அச்சிடும் முரட்டுத் தாள்களுக்கும் ஒரு தொகுதி, யுன்னான் மாகாணத்துத் தாள்களுக்கும் ஒரு தொகுதி ஒதுக்கினார்கள். 2006இல் அரசு வெளியிட்ட முதல் தேசிய மரபுப் பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் படக்கலை இடம்பெற்றது. அங்கே எல்லாமே 'புத்தாண்டுப் படம்' என்ற தலைப்பின் கீழ்தான் வந்தன.

சேகரிப்புக் குறிப்பேடுகளில் பொதுவாக இருப்பவை என்ன? அளவு, இடம், ஏறத்தாழக் காலம், அச்சு முறை, தெய்வத்தின் பெயர். இவற்றோடு இன்னும் சில வரிகள் வேண்டும். எந்த நாளில் அழைக்கப்பட்டது, எந்தச் சுவரில் எந்தத் திசை நோக்கி, யார் கையால், எப்போது எரிக்க வேண்டியது என்ற வரிகள். பின்புறம் பசை காய்ந்த தடம் இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் வைக்க வேண்டும். மூலை கிழிந்து, புகையேறி, யாரோ உரித்துவிட்டு ஏதோ காரணத்தால் எரிக்காமல் விட்ட ஒரு தாள் கிடைத்தால், அது புத்தம் புதிய நூறு தாள்களைவிட அதிகம் சொல்லும். அச்சு எப்படி இருந்தது என்பதைப் புதிய தாள் காட்டும். வழிபாடு எப்படி இருந்தது என்பதை அழுக்குத் தாள்தான் காட்டும்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்துவிட வேண்டாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் தெருவோரத் தகரப் பீப்பாய்களில் காகிதம் எரிவதை அங்குள்ள தமிழர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யுன்னானின் தாலியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜியாமா என்ற பெயரில் உள்ளங்கை அகலத் தாள்கள் சந்தையில் ஊதுவத்தியோடு விற்கின்றன. பாய் இன மக்களின் ஊர்த் தெய்வங்கள் அவற்றில் உண்டு. மலைக்கும் நிலத்துக்கும் ஒரு தாள். பயந்துபோன குழந்தையின் உயிரைக் கூப்பிட்டு அழைத்துவர ஒன்று. பாலத்துக்கும் பாதைக்கும் உரிய இரு தெய்வங்களுக்கு ஒன்று. பெரும்பாலும் ஒரே கறுப்பு மை, மெல்லிய தாள், மூக்கும் வாயும் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டிய முரட்டுச் செதுக்கல். வாங்குகிறவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பாலத்தடியிலோ வாசலிலோ அரிசியும் ஊதுவத்தியும் வைத்து, வேண்டியதைச் சொல்லி, மூலையில் தீக்குச்சியைக் காட்டுகிறார்கள். மெல்லிய தாள் என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. கறுப்புக் கோடு ஒரு கணம் சாம்பலின் மேல் வெளிறித் தெரிகிறது. பிறகு காற்று அதை எடுத்துக்கொள்கிறது.